அடுப்படிக்கு வரும் ஓடிபி

கம்பம் பள்ளத்தாக்கில் பணம் வெளியே போவதற்கு யாரிடமும் வழி கேட்டதில்லை. கவாத்துக் கூலி, பந்தல் கம்பி, மருந்து, உரம், காதுகுத்து மொய், சாமி கும்பிடு என்று அதற்குப் பாதைகள் பழகிப்போனவை. நாம் சும்மா இருந்தால் போதும், அதுவே போய்ச் சேர்ந்துவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பத்தாயிரம் ரூபாயை எப்படி வெளியே அனுப்புவது என்று ஒருவன் மாதக்கணக்கில் யோசித்தான் என்றால், அவனைப் பாராட்டுவதா பரிதாபப்படுவதா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம். அந்த ஒருவன் நான்.

அனுப்ப வேண்டிய இடம் ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச். அங்கே போய் எதை வாங்குவது, ஏன் வாங்குவது, வாங்கி எங்கே வைப்பது என்ற கேள்விகள் எனக்கு எழவில்லை. யுபிஐயா, ஐஎம்பிஎஸ்ஸா, நெஃப்டா என்ற ஒன்றுதான் எழுந்தது. இது எங்கள் பரம்பரைக் குணம். திருச்செந்தூர் போவதென்றால் எங்கள் வீட்டில் முருகனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். மதுரை வழியா, திருவில்லிபுத்தூர் வழியா என்றுதான் விடிய விடியப் பேச்சு நடக்கும். பேசி முடிப்பதற்குள் சஷ்டி முடிந்துவிடும்.

விலை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பயப்படுகிற சீமை இல்லை இது. 2019 ஆகஸ்டில் மலைக்கு மேலே புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அன்றைக்குப் போடியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் மனசுக்குள் கோடீஸ்வரர்கள். மூன்று வருஷம் முடிவதற்குள் அதே காய் ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பெஞ்சில் அதே ஆட்கள்தான், டீ மட்டும் கடன். ஆகவே பிட்காயின் 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை போய், அடுத்த நவம்பரில் 16,000 டாலருக்கு விழுந்தது என்று படித்தபோது எனக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. 'நம்ம காய்தான், வேற ஊர்ல வெளைஞ்சிருக்கு' என்று நினைத்துக்கொண்டேன்.

போடியில் ஏல வியாபாரம் பார்த்த என் தாய்மாமாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு எண்பது வயதுக்கு மேல். இன்றைக்கும் அவர் சட்டைப் பையில் கையை விட்டால் நாலு காய் கிடைக்கும்.

"மாப்ளே, ஏலத்துல லாட் லாட்டா தட்டுல காய் வரும். கையில அள்ளுவேன். நெறம் பாப்பேன், பருவட்டு பாப்பேன், மோந்து பாப்பேன், ரெண்டை ஒடச்சு வாயில போட்டு மென்டு பாப்பேன். புடிக்கலைன்னா கீழ கொட்டிருவேன். அதுக்கு அப்பறம்தான் பொத்தானை அமுக்குறது. ஒன் சரக்கு எந்தத் தட்டுல வரும்?"

"அது கம்ப்யூட்டர்ல இருக்கும் மாமா."

"மோந்து பாக்க முடியுமா?"

"முடியாது மாமா."

"வெல விழுந்துருச்சுன்னா பாயசத்துலயாச்சும் போட முடியுமா?"

இந்த மாதிரி அடிப்படை புரியாதவர்களிடம் பேசிப் பயனில்லை என்று கிளம்பி வந்துவிட்டேன்.

எனக்கு அடிப்படை சொல்லிக்கொடுத்தவன் அக்கா மகன். கோயம்புத்தூரில் வேலை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வந்தவன், தீச்சட்டியும் ராட்டினமும் பார்த்துவிட்டுப் போகாமல், என் செல்போனை வாங்கி ஓர் எக்ஸ்சேஞ்சின் ஆப்பை இறக்கிவிட்டான். "மாமா, பேங்க்ல ஒங்க பணம் தூங்குது" என்றான். நான் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறவன். வீட்டில் யாராவது ஒருவராவது நன்றாகத் தூங்குகிறார்களே என்று எனக்கு அது நிம்மதியாகத்தான் பட்டது. இருந்தாலும் மருமகன் முன்னால் சொல்லிக்கொள்ள முடியுமா?

2023 மார்ச்சில் மத்திய அரசு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளைச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதிலிருந்து அவை நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்தாக வேண்டும், சேர வருகிறவனின் சாதகத்தைத் தோண்டித் துருவியாக வேண்டும். அந்த டிசம்பரில், பதிவு செய்யாமல் இங்கே கடை விரித்திருந்த பைனான்ஸ் உள்ளிட்ட ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸே போனது. ஆக, நான் பத்தாயிரம் ரூபாயோடு போய் நின்ற இடத்தில், இருநூறு கோடியோடு வந்தவனைக் கேட்கிற கேள்வியெல்லாம் கேட்டார்கள். வருமானம் எப்படி வருகிறது? திராட்சை. வேறு? இல்லை. அரசியல் செல்வாக்கு உள்ளவரா? வார்டு கவுன்சிலர் தேர்தலில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் தோற்றிருக்கிறார். அதைக் குறிப்பிட இடம் இல்லை.

பிறகு செல்ஃபி. நான் உயிரோடு இருக்கிறேனா என்று சோதிக்கிறார்கள். இடது பக்கம் திரும்புங்கள், வலது பக்கம் திரும்புங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள், தலையை ஆட்டுங்கள் என்று ஆப் சொல்லச் சொல்ல, வெளிச்சம் போதாமல் ஜன்னலோரம் நின்று நானும் செய்துகொண்டிருந்தேன். அப்போது மொட்டைமாடியில் இருந்து இறங்கிவந்த என் மனைவி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தைலத்தை எடுத்து வந்தாள். "சுளுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அவள் என் கழுத்தைப் பிடித்த நேரம் பார்த்து ஆப் படம் எடுத்துவிட்டது. அந்த முகத்தோடுதான் இன்றைக்கும் நான் அங்கே பதிவாகியிருக்கிறேன்.

அடுத்தது பெயர். பான் கார்டில் இனிஷியலுக்கு இடம் கிடையாது, விரித்து எழுதச் சொல்வார்கள். விரித்தால் அப்பா வந்து குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்துகொள்வார். ஆதாரில் இனிஷியல் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாஸ்புக்கில் முன்னால். எக்ஸ்சேஞ்சின் கணக்குப்படி இவர்கள் மூன்று பேர், ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாதவர்கள். பாஸ்புக் முதல் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பி, கெஞ்சி, விளக்கி ஒருவழியாக மூவரும் நானே என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட கையோடு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் அப்பா பெயரைச் சொல்லி, "வணக்கம்! கிரிப்டோ உலகத்துக்கு உங்களை வரவேற்கிறோம்!"

எங்கள் அப்பா போஸ்டாபீசையே நம்பாதவர். குலுக்கையில் நெல்லுக்கு அடியில் பணத்தைப் போட்டு வைத்து, ராத்திரி எழுந்து கையை விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பார். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் கழித்து, பூமியில் அவர் பெயருக்கு முதல் முதலாக ஒரு நிதி நிறுவனம் வரவேற்பு அனுப்பியிருக்கிறது. அதை அவர் படத்துக்குக் கீழே வைக்கலாமா என்று யோசித்தேன். மாலையைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தாலும் வருவார் என்று விட்டுவிட்டேன்.

பெயர் சரிதானா, கணக்கு என்னுடையதுதானா என்று பார்க்க எக்ஸ்சேஞ்ச் என் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் போட்டுப் பார்க்கும். போட்டது. குறுஞ்செய்தி வந்தது. எங்கே வந்தது என்பதுதான் விஷயம்.

"ஏங்க, யாரோ நமக்கு ஒத்த ரூவா போட்டிருக்காங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் கேட்டது. "மொய்யா? நூறைக் காணோம், மேல வைக்கிற ஒத்த ரூவா மட்டும் வந்திருக்கு."

இந்த இடத்தில் கொஞ்சம் பூர்வ கதை சொல்ல வேண்டும். என் பழைய செல்போன் உத்தமபாளையம் பக்கம் முல்லைப் பெரியாற்றில் விழுந்து போனது. 1895-இல் பென்னிகுவிக் அணையைக் கட்டி இந்தப் பக்கம் திருப்பிவிட்ட தண்ணீர், ஒரு நூற்றாண்டுக்கு மேல் எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, என் ஒருவனிடம் மட்டும் செல்போனை வாங்கிக்கொண்டு வைகை அணைக்குப் போய்விட்டது. அப்போது வங்கிக் கணக்கில் 'தற்காலிகமாக' மனைவியின் எண்ணைக் கொடுத்தோம். கணக்கும் இரண்டு பேர் பெயரில் உள்ளதுதான், முதல் பெயர் என்னுடையது. இந்திய அரசியல் சாசனத்திலும் சில ஷரத்துகள் தற்காலிகமாகத்தான் சேர்க்கப்பட்டன. அவை எத்தனை காலம் இருந்தன என்று உங்களுக்குத் தெரியும்.

இதன் பலன் என்ன? முதல் பெயர் நான், ஓடிபி அவளுக்கு. யுபிஐ வேலை செய்ய வங்கியில் பதிந்த எண்ணின் சிம் அந்தப் போனிலேயே இருந்தாக வேண்டும். ஆப் அந்த சிம்மிலிருந்து தானாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பித்தான் ஆளை உறுதி செய்துகொள்ளும். எனவே எங்கள் வீட்டு யுபிஐ அவள் போனில் இருக்கிறது. பந்தலில் கவாத்துக்கு வரும் ஆட்களுக்குக் கூலி, மருந்துக் கடைக்குப் பாக்கி, பெட்டிக்காரருக்குப் பணம் எல்லாம் அவள் விரல் நுனியில் போகிறது. வியாபாரி பன்னீர் திராட்சைக்குப் பணம் போட்டால் 'டிங்' என்று அவளுக்குத்தான் கேட்கும். 2023-இல் அந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் நாலு பேரிடம் பெருமையாகப் பேசினேன். கிலோவுக்கு என்ன கிடைத்தது என்று அவர்கள் கேட்டபோது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆக, எனக்குத் தேவைப்பட்டது, எக்ஸ்சேஞ்சுக்குப் போகிற வழியில் அடுப்படியைத் தொடாத ஒரு வழி.

யுபிஐ அடிபட்டுப்போனது. ஆனாலும் மருமகன் ஆறுதலாக ஒரு கதை சொன்னான். அது உண்மைக் கதை. 2022 ஏப்ரல் 7-ஆம் தேதி அமெரிக்காவின் காயின்பேஸ் இங்கே தடபுடலாகக் கடை திறந்தது, யுபிஐ வழியாகப் பணம் போடலாம் என்று அறிவித்தது. அன்றைக்கே, யுபிஐயை நடத்துகிற தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் ஒரு வரி அறிக்கை விட்டது: எந்தக் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சும் யுபிஐ பயன்படுத்துவதாக எங்களுக்குத் தெரியாது. சில நாளில் காயின்பேஸ் யுபிஐ பொத்தானை எடுத்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் மறைமுக நெருக்கடிதான் காரணம் என்று அதன் தலைவர் பிரையன் ஆர்ம்ஸ்ட்ராங் பிற்பாடு சொன்னார். எனக்கு இதில் பிடித்தது அந்த அறிக்கைதான். தடை செய்கிறோம் என்று சொல்லவில்லை, அனுமதிக்கிறோம் என்றும் சொல்லவில்லை. 'எங்களுக்குத் தெரியாது' என்று சொன்னார்கள், பல ஆயிரம் கோடி டாலர் கம்பெனி மூட்டை கட்டிவிட்டது. நான் வீட்டில் இதே சொல்லை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட இவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை.

அடுத்து நெஃப்ட். இது அரை மணிக்கு ஒரு தரம் மூட்டையாகப் போகும். ஒரு காலத்தில் வங்கி திறந்திருக்கிற நேரம்தான் போகும், ஞாயிறும் இரண்டாம் நான்காம் சனியும் போகாது. 2019 டிசம்பர் 16-லிருந்து 24 மணி நேரமும் ஏழு நாளும் ஓடுகிறது. என் அக்கா, எதைச் செய்தாலும் குச்சனூர் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டுச் செய், சனிக்கிழமை மட்டும் பணத்தை வெளியே விடாதே என்பாள். நெஃப்ட் சனிக்கிழமை பார்ப்பதை நிறுத்திவிட்டது என்று சொன்னபோது, "ரிசர்வ் பேங்க் நிறுத்திட்டா சனி நிறுத்திருவாரா?" என்று கேட்டாள். பதில் இல்லை.

ஆர்டிஜிஎஸ் இரண்டு லட்சத்துக்குக் கீழே தொடுவதில்லை. அந்தப் பேச்சை அத்தோடு விட்டோம். ஐஎம்பிஎஸ் உடனே போகும், ராத்திரி ரெண்டு மணிக்கும் போகும், ஐந்து லட்சம் வரை போகும், பல வங்கிகளில் அதற்குச் சின்னதாகக் கமிஷன் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்குப் போகும் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். அந்த நேரத்தில் மனைவி தூங்குவாள், போன் மட்டும் விழித்திருக்கும்.

ஆனால் நெஃப்டோ ஐஎம்பிஎஸ்ஸோ, முதலில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்த கணக்கு எண்ணைப் பெனிஃபிஷியரியாகச் சேர்க்க வேண்டும். அந்த எண் எனக்கென்றே உண்டாக்கிய எண்ணாம், ஒரு முழ நீளம் இருந்தது. கூடவே ஐஎஃப்எஸ்சி. பதினோரு எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். நான் அதை ஆங்கில 'ஓ' என்று நினைத்து அடித்து, செல்லாது என்று வர, மறுபடி அடித்து, மறுபடி செல்லாது என்று வர, கடைசியில் பூஜ்யத்தைப் போட்டுவிட்டு, ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டிலோரம் மனைவியின் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, அது 'டிங்' என்றது.

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "யாரு, வியாபாரியா?"

"ஓடிபி."

"எதுக்கு?"

"பெனிஃபிஷியரி சேர்க்க."

"அது யாரு?"

2025 ஏப்ரலிலிருந்து, நெஃப்டில் பணம் போகிற கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று அனுப்புகிறவருக்குத் திரையில் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எண்ணைத் தப்பாகப் போட்டுப் பணத்தைத் தொலைக்கிறவர்களுக்காகச் செய்த நல்ல ஏற்பாடு. அந்த நல்ல ஏற்பாடு அந்த நேரத்தில் என்னைக் காட்டிக்கொடுத்தது. திரையில் வந்தது எக்ஸ்சேஞ்சின் விளம்பரப் பெயர் இல்லை, ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட். அவள் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டு, அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்துவிட்டு, போனைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொண்டாள். விசாரணை விடிந்த பிறகு.

விசாரணை தொடங்குவதற்குள் நான் வங்கிக் கிளைக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஓடிபி வேண்டியதில்லை அல்லவா? எந்த வங்கி என்று சொல்லமாட்டேன், அவர்களும் பாவம். போகும்போது சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் போனேன். 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, கிரிப்டோ சமாசாரத்தோடு வங்கிகள் ஒட்டு உறவு வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்புறமும் சில வங்கிகள் அந்தப் பழைய சுற்றறிக்கையைக் காட்டியே ஆட்களை மிரட்டியதால், செத்துப்போன சுற்றறிக்கையைக் காட்டாதீர்கள், ஆனால் வழக்கமான விசாரணைகளைத் தொடருங்கள் என்று 2021 மே 31-ஆம் தேதி ரிசர்வ் வங்கியே எழுதியது.

இத்தனையையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். கவுன்ட்டரில் இருந்த தம்பி பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க சார். எதுக்காக அனுப்புறீங்கன்னு என்ன எழுதப் போறீங்க?"

"கிரிப்டோ."

"அப்படி எழுதாதீங்க சார், மேல இருந்து கேள்வி வரும்."

"சரி, ஒண்ணும் எழுதல."

"எழுதாம விட்டாலும் கேள்வி வரும் சார்."

"அப்ப என்னதான் எழுத?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். ஏதோ ரகசிய வழி சொல்லப் போகிறார் என்று நானும் குனிந்தேன். "பத்தாயிரம்தானே சார்? வருஷா வருஷம் இதையே கட்டுற மாதிரி அருமையான பாலிசி ஒண்ணு இருக்கு" என்றார்.

பாலிசி விளக்கத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கடைசி வழியை மருமகன் போனில் சொன்னான். குரலைத் தாழ்த்திச் சொன்னான். பி-டு-பி. அதாவது எக்ஸ்சேஞ்சுக்கே பணம் போக வேண்டாம். எங்கோ இருக்கிற ஒருவர் தன் காயினை விற்கிறார், நாம் அவர் கணக்கில் பணத்தைப் போடுகிறோம், அவர் வந்தது என்று சொன்னதும், நடுவில் எக்ஸ்சேஞ்ச் பிடித்து வைத்திருக்கிற காயினை நமக்கு விட்டுவிடும். எனக்குக் கிடைத்த விற்பனையாளர் வட இந்தியாவில் எங்கேயோ இருந்தார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பணம் அனுப்பும்போது குறிப்பில் கிரிப்டோ என்ற வார்த்தை வரக் கூடாது.

இதற்கும் ஓடிபி வேண்டும். வேறு வழியில்லாமல் சாயங்காலம் அடுப்படி வாசலில் போய் நின்றேன். அவள் கூலி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் யாருக்கு எத்தனை ஆள் கணக்கு என்று டிக் அடித்துக்கொண்டிருந்தாள். முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் சொன்னேன். யுபிஐ, நெஃப்ட், ஐஎம்பிஎஸ், பி-டு-பி, ஒவ்வொன்றின் நல்லது கெட்டது, வேகம், கமிஷன், வரம்பு. இவ்வளவு தெளிவாக நான் எதையும் அவளுக்கு விளக்கியதில்லை.

டிக் அடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்: "எல்லாம் போற வழியாவே சொல்றீங்களே. வர்ற வழி எது?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை.

"அது… வித்தா திரும்ப பேங்க்குக்கு வந்துரும்."

"வந்துரும்னா?"

மருமகனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். அவனும் சத்தியசந்தன், கேட்டால் மறைக்கமாட்டான். அதுவரை கேட்காதது யார் குற்றம்? முதல் செய்தி பி-டு-பியைப் பற்றியது. வாங்கும்போது ஆபத்து குறைவு, விற்கும்போதுதான் அதிகம். நம் காயினை வாங்குகிறவன் நம் கணக்கில் போடுகிற பணம், எங்கோ ஓர் அப்பாவியிடம் சைபர் திருடன் அடித்த பணமாக இருக்கலாம். அந்த அப்பாவி 1930-க்கு அடித்துப் புகார் கொடுத்தால், பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே வருவார்கள், தடம் நம் கணக்கில் வந்து நிற்கும். அந்தத் தொகையை வங்கி நிறுத்தி வைக்கும், சில சமயம் கணக்கையே முடக்கும். பிறகு அந்த மாநிலத்துப் போலீசுக்கு, நான் திருடன் இல்லை, திராட்சைக்காரன் என்று நாம் புரியவைக்க வேண்டும். எந்த பாஷையில் என்று மனைவி கேட்டாள். மருமகன் இந்தி என்றான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் இந்தி அவளுக்குத் தெரியும். காசியில் படகுக்காரரோடு நான் பேரம் பேசியதில் அவர் கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டு வந்தோம்.

"சரிப்பா, அது வேணாம். நேரா எக்ஸ்சேஞ்சுலயே வித்தா?"

அப்போது வாசிர்எக்ஸ் கதை வந்தது. நாட்டின் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றாக இருந்தது. 2024 ஜூலை 18-ஆம் தேதி அதிலிருந்து ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்களைத் திருடர்கள் அடித்துக்கொண்டு போனார்கள். அதோடு கதவு சாத்தப்பட்டது. அங்கே காயின் வைத்திருந்தவர்கள் அதை எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் காத்துக்கிடந்தார்கள். அவர்களெல்லாம் போகும்போது சரியான வழியில்தான் போனவர்கள், பணமும் போன நிமிஷமே போய்ச் சேர்ந்தது.

"எங்க மாமியாரும் இப்படித்தான் சீட்டுக்காரிகிட்ட குடுத்தாங்க" என்றாள் மனைவி. அது எங்கள் அம்மா. இந்தப் பேச்சில் அவரை ஏன் இழுக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியாக வரி. அவள் கூலி நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள். 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதன் மேல் 4 சதவீதம் செஸ். பத்தாயிரத்துக்கு வாங்கியதைப் பதினைந்தாயிரத்துக்கு விற்றால் லாபம் 5,000, வரி 1,500, செஸ் 60. ஆக மொத்தம் 1,560. இன்னொரு காயினில் அதே வருஷம் 5,000 நஷ்டப்பட்டிருந்தால்? கழிக்க முடியாது. மொத்தத்தில் ஒரு பைசா சம்பாதிக்காமல் 1,560 கட்ட வேண்டும். வாங்கின விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்கவும் சட்டத்தில் இடமில்லை. விற்கும்போது ஒரு சதவீதம் டிடிஎஸ் தனியாகப் பிடிப்பார்கள், அது வரியில் கழியும். எக்ஸ்சேஞ்சின் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி, அது கழியாது.

"நம்ம பந்தல் பணத்துக்கு வரி எம்புட்டு?" என்று கேட்டாள்.

"விவசாய வருமானத்துக்கு வரி கெடையாதுல்ல."

"ஆக, வரியே இல்லாத பணத்தை, கமிஷன் குடுத்து அங்கிட்டு அனுப்பி, முப்பது சதவீதம் கட்டி இங்கிட்டு வாங்கணும்?"

மருமகன், சிக்னல் சரியில்லை மாமா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். கோயம்புத்தூரில் சிக்னல் இல்லை என்பதை நான் நம்பினேன்.

அவள் நோட்டை இந்தப் பக்கம் திருப்பி, விட்ட இடத்திலிருந்து டிக் அடித்து, மேஸ்திரியின் பெயரைத் தொட்டு, நாலு எண்ணை அழுத்தினாள். டிங். பத்தாயிரத்தில் பெரும்பகுதி கவாத்துக் கூலியாக, கமிஷன் இல்லாமல், யாருடைய விசாரணையும் இல்லாமல், போய்ச் சேர்ந்தது. எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது, நான் கண்ணைச் சிமிட்டவில்லை.

பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இவ்வளவு நாள் நடந்த போக்குவரத்தில், எனக்கும் கிரிப்டோ உலகத்துக்கும் இடையே உண்மையாகக் கைமாறிய பணம் அந்த ஒரு ரூபாய் மட்டும்தான். அதுவும் அங்கேயிருந்து இங்கே வந்திருக்கிறது. முதலீடு பூஜ்யம், வரவு ஒன்று. இந்தக் கணக்கில் என்னை மிஞ்சிய ஆள் நாட்டில் இருக்க முடியாது என்று ஆடிட்டரிடம் சொல்லி, இதை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று கேட்டேன். அவர் டீ சொல்லி அனுப்பினார், பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்த வரியைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சோதனைக்குப் போட்ட காசுதானே அது? திருப்பிக் கேட்டாங்கன்னா என்ன செய்வீங்க? எந்த வழியில அனுப்புவீங்க?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. ஐஎம்பிஎஸ்ஸில் அனுப்பினால் கமிஷன் அந்த ஒரு ரூபாயைவிட அதிகமாகும். இணையத்தில் நெஃப்ட் போட்டால் சேமிப்புக் கணக்குக்காரனிடம் காசு வாங்குவதில்லை, அரை மணி நேரம் பொறுத்தால் போதும். ஆனால் பெனிஃபிஷியரி சேர்க்க வேண்டும். அதற்கு ஓடிபி வரும்.